பவர் டேபிள் வீட்டுப் பெண்ணுக்கு பி.காமா, பி.பி.ஏ.வா?

கேள்வி: வணக்கம் மேடம். பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, வணிகவியல் பிரிவில் பிளஸ் 2 முடித்திருக்கிறேன். 512 மதிப்பெண். என் பிரிவில் கணிதம் கிடையாது, கணினிப் பயன்பாடுகள்தான். அப்பா 12 தையல் மெஷின் போட்டு பவர் டேபிள், அதாவது கம்பெனிகளுக்குப் பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுக்கும் யூனிட், நடத்துகிறார். “பி.பி.ஏ. படி, அதுதானே பிசினஸ் படிப்பு, நம்ம யூனிட்டையே பார்த்துக்கலாம்” என்கிறார். மாமா, “பி.காம். சி.ஏ. சேர்த்துவிடுங்க, ஆடிட்டர் ஆயிடுவா” என்கிறார். பெரியப்பா மகன், “பி.காம். படிச்சா கடைசிவரைக்கும் டேலி சாஃப்ட்வேர்ல கணக்கு போட்டுக்கிட்டு உட்கார வேண்டியதுதான்” என்று பயமுறுத்துகிறான். வணிகப் படிப்பு எடுத்தால் உண்மையில் என்ன வேலைக்குப் போகலாம்? கணிதம் படிக்காத நான் ஆடிட்டர் ஆக முடியுமா?

பதில்:

அன்புள்ள கண்ணு,

முதலில் மாமா சொன்னதைச் சரிசெய்துவிடுகிறேன். பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு யோசனை கேட்டு வரும் பெற்றோரில் பலர் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பி.காம். சி.ஏ. என்ற படிப்பில் இருக்கிற சி.ஏ., ‘கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்’. ஆடிட்டருக்கான சி.ஏ., ‘சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்’. இரண்டுக்கும் எழுத்து ஒன்றே தவிர வேறு சம்பந்தம் இல்லை. முதலாவது கல்லூரியில் மூன்று வருடம் படித்து வாங்கும் பட்டம். இரண்டாவதை எந்தக் கல்லூரியும் கொடுக்க முடியாது. 1949-ல் வந்த சட்டப்படி அமைந்த இன்ஸ்டிடியூட் ஒன்று இருக்கிறது, அது நடத்தும் தேர்வுகளை எழுதித் தேற வேண்டும். பி.காம். பி.ஏ. என்று ஒன்று இருக்கிறதே, ‘புரொஃபஷனல் அக்கவுண்டிங்’, அதுவும் பட்டப்படிப்புதான். அதன் பாடத்திட்டம் சி.ஏ. தேர்வுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவ்வளவே. மூன்று வருடம் முடிந்த பிறகு ‘என் மகள் ஆடிட்டர்தானே?’ என்று கேட்டு, பதில் தெரிந்து முகம் வாடிய அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். உன் வீட்டில் அது நடக்கக் கூடாது.

அடுத்து அப்பா. பி.பி.ஏ., அதாவது ‘பேச்சிலர் ஆஃப் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்’, பெயரிலேயே பிசினஸ் இருப்பதால் அதுதான் தொழில் படிப்பு என்று அவர் நினைக்கிறார். அதில் மார்க்கெட்டிங், மனிதவளம், நிர்வாகம், விளம்பரம் எல்லாம் வரும். கணக்குப் பாடமும் உண்டு, ஆனால் கொஞ்சம். நல்ல படிப்புதான். 2024-25 முதல் பி.பி.ஏ. நடத்தும் கல்லூரிகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதல் வாங்க வேண்டும் என்று வந்துவிட்டது. எங்கே சேர்ந்தாலும் அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேரலாம். மேலே எம்.பி.ஏ. போவது என்று உறுதியாக இருக்கிறவர்களுக்கு, பேச்சிலும் மனிதர்களைச் சமாளிப்பதிலும் தேர்ந்தவர்களுக்கு அது பொருந்தும்.

உனக்கு நான் சொல்வது பி.காம். ஏன் என்று சொல்ல ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். உன் அப்பா மாதிரியே பவர் டேபிள், சொந்த ஷெட். ஒரு மஞ்சப் பை நிறைய பில்லும் டெலிவரி சலானும் கொண்டு வந்து மேசையில் கொட்டினார். “வாரம் ஒரு லட்சத்துக்கு மேல பில் போடறேன் மேடம், கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. யாரோ எடுக்கறாங்களோன்னு சந்தேகமா இருக்கு” என்றார். நானும் ஆபீஸ் பெண்ணும் உட்கார்ந்து ஒரு வாரக் கணக்கைப் பிரித்தோம். எண்களை உனக்காகச் சுருக்கி முழு எண்ணாகத் தருகிறேன்.

ஒரு வாரத்தில் 6,000 பீஸ், பீஸுக்கு 18 ரூபாய், ஆக பில் 1,08,000 ரூபாய். சனிக்கிழமை சம்பளம் 84,000. இ.பி. பில் வாரத்துக்குப் பிரித்தால் 5,000. ஊசி, ஆயில், மெக்கானிக் 3,000. வண்டி வாடகை, டீச் செலவு, சில்லறை 6,000. மொத்தச் செலவு 98,000. மீதி 10,000. “பார்த்தீங்களா, பத்தாயிரம் நிக்கணுமில்ல?” என்றார் அவர்.

சரி, தீபாவளிக்கு போனஸ் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். ஆமாம், 8.33 சதவீதக் கணக்கில் கொடுக்கிறார். அது தீபாவளிச் செலவு என்று அவர் மனதில் இருக்கிறது. உண்மையில் ஒவ்வொரு வாரச் சம்பளத்தோடும் சேர்ந்து வளர்கிற கடன் அது. 84,000-க்கு 8.33 சதவீதம் என்றால் வாரம் 7,000 ரூபாய். மீதி 3,000.

கம்பெனியில் பணம் எப்போது வருகிறது என்று அடுத்துக் கேட்டேன். மூன்று மாதம் ஆகிறது. அப்படியானால் 12 வாரப் பில், கிட்டத்தட்ட 13 லட்சம் ரூபாய், எப்போதும் வெளியே நிற்கிறது. அந்த இடைவெளியை அவர் வட்டிக்கு வாங்கித்தான் நிரப்புகிறார். வருடத்துக்கு 12 சதவீதம் என்றாலே வாரத்துக்கு 3,000 ரூபாய் வட்டி.

மீதி பூஜ்யம். இதில் மெஷின் தேய்மானம் சேரவில்லை. சொந்த ஷெட் என்பதால் அதன் வாடகையும் சேரவில்லை. காலை எட்டு மணிக்கு ஷெட்டைத் திறந்து ராத்திரி பூட்டுகிற அவருக்கும், நடுவில் பீஸ் எண்ணி பண்டல் கட்டுகிற அவர் மனைவிக்கும் ஒரு ரூபாய் சம்பளம் சேரவில்லை. அவர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ யாரும் எடுக்கல” என்றார், மெதுவாக.

யாரும் எடுக்கவில்லைதான். பதினெட்டு ரூபாய் ரேட்டை ஒத்துக்கொண்ட அன்றைக்கே பணம் போய்விட்டது. அந்தத் தாளில் நாங்கள் போட்டது பெரிய வித்தை இல்லை. பி.காம். பாடத்தில் அடக்கவிலைக் கணக்கியல் என்று ஒன்று வரும், நடைமுறை மூலதனம் என்று ஒன்று வரும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். நீ அதைப் படிக்கும்போது உன் கண்முன் அப்பாவின் ஷெட் இருக்கும். அதனால்தான் உனக்கு பி.காம். சொல்கிறேன். ஆள் நிர்வாகம், விற்பனை, பேச்சு எல்லாம் தொழிலில் இறங்கிக் கற்றுக்கொள்ளலாம், தேவைப்பட்டால் பின்னால் எம்.பி.ஏ.வில் படிக்கலாம். கணக்கின் அடிப்படையைப் பின்னால் சொந்தமாகக் கற்றுக்கொண்டவர்கள் மிகக் குறைவு. என் கிளையண்டுகளில் எம்.பி.ஏ. படித்து, இருப்புநிலைக் குறிப்பை (பேலன்ஸ் ஷீட்) பார்த்ததும் பக்கத்தைத் திருப்புகிறவர்கள் உண்டு.

அந்தக் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன், உன் அப்பாவுக்குப் பயன்படும். சிறு, குறுந்தொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் என்ற சிறுதொழில் பதிவு உள்ள யூனிட்டுக்கு வேலை கொடுத்த கம்பெனி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. 2023-24 கணக்காண்டிலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டி நிற்கும் பாக்கியைக் கம்பெனி அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் காட்டவும் முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். வேலை கொடுக்கும் ஒரே கம்பெனியோடு சட்டம் பேசிச் சண்டை போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடம் மார்ச் மாதம் போய், “இதைக் கொடுக்காவிட்டால் உங்களுக்குத்தான் வரி கூடும்” என்று சொல்லத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. மஞ்சப் பையோடு வந்தவர் உத்யம் பதிவு செய்தார், ரேட்டையும் திரும்பப் பேசினார். பீஸுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. வாரத்துக்கு 6,000 ரூபாய்.

இனி வேலைகள். நீ கேட்டது இதைத்தான், நான்தான் சுற்றி வந்துவிட்டேன்.

உன் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர் என்ற வேலையை நீ கேள்விப்பட்டிருப்பாய். வெளிநாட்டு பையருக்கும் நம் தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்பவர். சாம்பிள் அனுப்புவது, துணிக்கும் பட்டனுக்கும் அப்ரூவல் வாங்குவது, காஸ்டிங் போடுவது, கப்பல் தேதிக்குள் சரக்கை முடிப்பது எல்லாம் அவர் தலையில். பி.காம்., பி.பி.ஏ. படித்தவர்கள் நிறைய பேர் இதில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வர வேண்டும், துணி தெரிய வேண்டும். துணி உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அதே நிறுவனங்களில் டாக்குமெண்டேஷன் என்று ஒரு பிரிவு: இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், பையரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) ஆகியவற்றைப் பார்ப்பவர்கள். எல்.சி.யில் சொன்னதோடு இந்த ஆவணங்கள் ஒத்துப்போகாவிட்டால் வங்கி பணத்தை நிறுத்திவிடலாம். பொறுமையும் கூர்மையும் உள்ள பெண்கள் அங்கே நல்ல நிலைக்கு வந்திருக்கிறார்கள். தூத்துக்குடி துறைமுகத்தை நம்பி கஸ்டம்ஸ், சரக்குப் போக்குவரத்து வேலைகளும் இதன் தொடர்ச்சிதான்.

வங்கி வேலைக்கு எந்தப் பட்டமும் போதும். அரசுடைமை வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு, ஸ்டேட் வங்கிக்குத் தனித் தேர்வு. வயது 20 நிறைந்திருந்தால் எழுதலாம், ஸ்டேட் வங்கியின் அதிகாரி (பி.ஓ.) தேர்வுக்கு மட்டும் 21 நிறைந்திருக்க வேண்டும். வட்டிக் கணக்கு, ரீசனிங், ஆங்கிலம் மூன்றையும் இரண்டாம் வருடத்திலிருந்தே தினம் ஒரு மணி நேரம் பார்த்தால் கல்லூரி முடியும்போது தயாராக இருப்பாய். நம் பக்கத்து கரூரில் 1916-ல் தொடங்கிய கரூர் வைசியா வங்கி, கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி, தூத்துக்குடியில் 1921-ல் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி போன்றவை தனியாக ஆள் எடுக்கின்றன. இந்த வங்கிகள் இங்குள்ள வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தவை. ஒரு கடைக்காரரின் கணக்கைப் படித்து அவருக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று சொல்லத் தெரிந்த ஆளுக்கு அங்கே மதிப்பு உண்டு.

அரசு வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-ல் வணிகவரித் துறை உதவி ஆணையர் பதவி வரும். மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. தேர்வில் வருமான வரி ஆய்வாளர் பதவி வரும். இரண்டுக்கும் எந்தப் பட்டமும் போதும். ஆனால் பதவியில் உட்கார்ந்த பிறகு பி.காம். படித்தவருக்கு மேசையில் வரும் ஃபைல் புரியும்.

சென்னையில் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலைகளைச் செய்யும் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன. உலக வங்கிக்கே அங்கே அலுவலகம் உண்டு, அதன் கணக்கு வேலைகள் அங்கே நடக்கின்றன. பி.காம். முடித்தவர்களை இந்த மாதிரி அலுவலகங்கள் நிறைய எடுக்கின்றன. தொடக்கத்தில் ஒரே மாதிரி இன்வாய்ஸை நாள் முழுக்கப் பார்ப்பதாக இருக்கும், ராத்திரி ஷிப்டும் இருக்கலாம். இரண்டு வருடத்தில் அடுத்த படிக்கு நகர்பவர்கள், கூடவே எதையாவது படிப்பவர்கள்தான்.

கற்பித்தலை மறந்துவிடாதே. எம்.காம்., பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதினால் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர் ஆகலாம். உனக்கு யோசனை சொல்ல அப்படி ஓர் ஆசிரியை பள்ளியில் இருந்தால் அவரிடமும் போய்ப் பேசு.

இப்போது சி.ஏ. கணிதம் படிக்காதவர் சி.ஏ. ஆக முடியுமா? முடியும். பிளஸ் 2-வில் எந்தப் பிரிவு படித்தவரும் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். நான்கு தாள். அதில் ஒன்றில் கணிதம், புள்ளியியல், தர்க்கம் மூன்றும் வரும். அது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் அந்தத் தாளில் நீ தேறலாம், அது வட்டி, விகிதம், வரிசை மாதிரியான கணிதம்தான் பெரும்பாலும். அதற்கு அப்புறம் இன்டர்மீடியட் ஆறு தாள், இரண்டு வருடம் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற பயிற்சி, பிறகு ஃபைனல் ஆறு தாள். நான் படித்த காலத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடம், 2023-ல் வந்த புதிய முறையில் இரண்டாகக் குறைந்திருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. பி.காமில் 55 சதவீதம் எடுத்துவிட்டால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். ஆகவே இன்றைக்கே சி.ஏ.வா இல்லையா என்று நீ முடிவெடுக்க வேண்டியதில்லை. பி.காமில் சேர். முதல் வருடத்திலேயே கணக்கு உனக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கஷ்டத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. சி.ஏ. தேர்வில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் முயற்சியில் தேறுவதில்லை. நான் ஃபைனலை மூன்றாவது முறையில்தான் முடித்தேன். தோற்ற இரண்டு முறையும் வீட்டில், “போதும், கல்யாணம் பண்ணிக்கலாம்” என்ற பேச்சு வந்தது. என் அம்மா ஒருத்திதான், “இன்னொரு தடவை எழுதட்டும்” என்றாள். அந்த மாதிரி ஒருத்தர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள். இதே வகையில் சி.எம்.ஏ. என்று அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு இருக்கிறது. தொழிற்சாலைச் சூழலில் வளர்ந்த உனக்கு அது சி.ஏ.வை விடவும் பொருந்தலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பெனி சட்டத்தில் ஆர்வம் இருந்தால் சி.எஸ்., அதாவது கம்பெனி செக்ரட்டரி படிப்பு. இவை எதுவும் வேண்டாம், ஊரிலேயே சின்னதாக அலுவலகம் போட்டு நாலு பேருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன் என்றால், பி.காம்., பி.பி.ஏ. முடித்தவர்கள் அதற்கான தேர்வு எழுதி ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் ஆகலாம். கிராமத்தில் வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாத பெண்களுக்கு இது கைகொடுக்கிற வேலை.

பெரியப்பா மகன் சொன்னதில் பாதி நிஜம் இருக்கிறது. டேலியில் பில்லைப் பார்த்துப் பதிவு போடுவதை மட்டும் தெரிந்து வைத்திருப்பவருக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. வங்கி ஸ்டேட்மென்ட்டை மென்பொருளே இழுத்துக்கொள்கிறது. ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் கட்டாயம், அந்த விவரம் தானாகவே ஜி.எஸ்.டி. தளத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் பதிவு சரிதானா என்று பார்க்கிற கண் இன்னும் மனிதரிடம்தான் வேண்டும்.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் என் இரண்டாம் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மில்லின் வவுச்சர்கள். பச்சைப் பென்சிலால் ஒவ்வொரு பில்லையும் லெட்ஜரோடு ஒப்பிட்டு டிக் அடித்துக்கொண்டே போனேன். சாயங்காலம் என் சீனியர் இரண்டு வவுச்சரை எடுத்து அருகருகே வைத்தார். ஒன்று பில்லின் அசல், இன்னொன்று அதே பில்லின் கார்பன் நகல். இரண்டுக்கும் பணம் கொடுத்ததாகப் பதிவு. இரண்டிலும் என் பச்சை டிக். தொகை சரி, தேதி சரி, லெட்ஜரில் இருக்கிறது, அதனால் அடித்துவிட்டேன். பில் நம்பரைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை எந்தப் பில்லை எடுத்தாலும் என் கண் முதலில் நம்பருக்குத்தான் போகிறது. டேலி தெரிந்தவர் நிறைய பேர் கிடைப்பார்கள், இப்படிப் பார்ப்பவர் கிடைப்பது கஷ்டம். என் அலுவலகத்துக்கே ஆள் தேடும்போது நான் படும் பாடு அது.

சேருகிற விஷயம். திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பெண்களுக்கென்று எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் பி.காம். உண்டு. அரசுக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். 512-க்கு இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, வரிசையில் பி.காமை முதலில் போடு, பி.காம். சி.ஏ.வை அடுத்துப் போடு. கம்ப்யூட்டர் பாடம் கலந்திருப்பதால் அது ஒன்றும் குறைந்த படிப்பு ஆகிவிடாது, இடம் அதில் கிடைத்தால் தயங்காமல் சேர். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததாக எழுதியிருக்கிறாய், அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கு வரும். கல்லூரியில் சேர்ந்தவுடன் அதற்குப் பதிவு செய். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி, பெயர் நீளமாக இருக்கிற ஒரு பி.காமில் சேர வேண்டாம். அந்தப் பணம் பின்னால் சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. கோச்சிங்குக்கு உதவும்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இரண்டு காரியம் செய். அப்பாவுக்கு ஜி.எஸ்.டி. போட்டுக் கொடுக்கும் ஆடிட்டர் யாராவது இருப்பார், அவரிடம் கேட்டு அவர் அலுவலகத்தில் பத்து நாள் போய் உட்கார். முடிந்தால் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் அந்தப் பத்து நாளுக்குள் வரும்படி பார்த்துக்கொள். அவை மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களுக்குக் கடைசி நாட்கள். அன்றைக்கு அந்த அலுவலகம் இருக்கிற இருப்பைப் பார்த்துவிட்டும் உனக்கு அங்கே இருக்கப் பிடித்தால், இந்தத் துறை உனக்கானது.

இன்னொன்று வீட்டில். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நான் மேலே போட்ட கணக்கை உங்கள் யூனிட்டுக்குப் போடு. அப்பாவிடம் பில் புத்தகம், சம்பள நோட்டு, இ.பி. பில், பாஸ்புக் நான்கையும் கேள். முதலில், “உனக்கெதுக்கு இதெல்லாம்” என்பார். ரேட் என்ன, எத்தனை வாரப் பில் வெளியே நிற்கிறது, அதற்கு எங்கே வட்டி கட்டுகிறோம் என்று மூன்றை மட்டும் கேட்டு எழுது. அம்மா செய்கிற வேலைக்கு ஒரு ஆள் வைத்தால் என்ன சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு வரி சேர். கடைசி வரியில் வரும் எண்ணை அப்பாவிடம் காட்டுவதற்கு முன் ஒருமுறை கூட்டிச் சரிபார்த்துவிடு. எந்த வரியில் சிக்கினாலும் எனக்கு எழுது, அந்த வரியிலிருந்து பேசலாம்.